ஒரு குழாய்க்கு இரண்டு கோட்

டெண்டரில் அப்படித்தான் இருந்தது.
பீன்யா இரண்டாம் கட்டத்தில் நாற்பத்தொரு கைபம்பு.
ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எனாமல், இரண்டு கோட்,
கழுத்தில் கன்னடத்தில் நான்கு சொல்:
இந்த நீர் குடிக்க உகந்ததல்ல.

எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது.
தகடு நேராக இருந்தால் வாசகமும் நேராக இருக்கும்
என்றார் வாரியத்தின் சுமங்களா மேடம்.
மூன்று வருஷம் போத்தல் போத்தலாகத் தண்ணீர் பிடித்து
எழுதி, திருப்பி எழுதி,
கடைசியில் அவருக்குக் கிடைத்தவை
இந்தச் சிவப்பு டப்பாக்கள்.

டப்பாவின் மேல் சின்னதாக ஒரு முத்திரை.
ஈயம், பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் இல்லை.
சட்டம் வந்துவிட்டது என்றார் கடைக்காரர்,
விலை ஏறியதற்குச் சமாதானமாக.

சட்டம் வருவதற்கு முன்பு
லக்கெரேயில் ஒரு நர்சரிப் பள்ளிக்குச்
சூரியன் வரைந்து கொடுத்தேன், பதினொரு சூரியன்.
குரோம் மஞ்சள்.
அந்த மினுக்கு வேறெதிலும் வராது.
கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வைத்தேன்.
பிள்ளைகள் உயரத்துக்கே போடுங்கள்,
தொட்டுப் பார்க்கட்டும் என்றார்கள்.
போட்டேன்.

பதினேழாவது பம்பில் ஒரு பெண் குடத்தோடு நின்றாள்.
வேடியம்மாள். ஊத்தங்கரைப் பக்கம்.
புருஷன் முலாம் பட்டறையில், தொட்டியடி வேலை.
மூக்குத்தண்டில் அவனுக்கு ஓட்டை விழுந்துவிட்டது.
"எந்த நாத்தமும் தெரியாதுங்க,
இந்த ஏரியாவுக்கு அது நல்லதுதான்"
என்று சொல்லிச் சிரித்தாள்.

அடிக்கிறதுக்குள்ள ஒரு குடம் என்று
கைப்பிடியை அமுக்கினாள்.

கடை அட்டையில் எத்தனையோ மஞ்சள் பார்த்தவன் நான்.
குடத்துக்குள் எட்டிப் பார்த்ததும்
எந்த வரிசை, எத்தனையாவது கட்டம் என்று
கை தானாகத் தேடியது.
ஒரு டப்பாவைக் கிணற்றில் கழுவியது போல
அவ்வளவு வெளிறிய,
அவ்வளவு தெரிந்த மஞ்சள்.

"செவப்பு அடிச்சா தண்ணி மாறிடுமா?"
"மாறாதும்மா."
"டேங்கர்காரன் குடம் அஞ்சு ரூவாங்கறான்."
பதில் இல்லை என்னிடம். பிரஷ்தான் இருந்தது.
"சரி, அந்தப் பட்டறைக்கு என்ன கலரு?"

மத்தியானம் மேடத்திடம் கேட்டேன்.
ஜீப்பில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"அதுவும் சிவப்புதான்பா. எங்கள் பட்டியலில்
ரொம்ப நாளாகவே சிவப்பு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து, சோற்றைப் பார்த்தபடியே,
"காகிதத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும்" என்றார்.

ஒன்பது நாளில் முடிந்தது.
மீதிப் பெயிண்ட் திருப்பித் தர வேண்டும், அதுவும் டெண்டரில் உண்டு.
கணக்கில் ஒரு டப்பா குறைந்தது.
மேடம் டப்பாக்களை எண்ணினார்,
என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லக்கெரே.
சூரியன்கள் உதிர்ந்துகொண்டிருந்தன,
இடுப்புக்குக் கீழே நகம் பட்ட கீறல்கள்.
சுரண்டினால் தூள் பறக்கும், அது இன்னும் மோசம்.
புது டப்பாவுக்குத்தான் சட்டம்,
பழைய சுவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.
ஈரத்துணியால் துடைத்து, மேலேயே அடித்தேன்,
இரண்டு கோட். துணியைப் பையில் கட்டி வைத்தேன்,
எங்கே போடுவதென்று தெரியாமல்.

வாட்ச்மேன் மகள் படியில் உட்கார்ந்து பார்த்தாள்.
"தக்காளியா?" என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
"தொடலாமா?"

காயட்டும் என்றேன்.
அதற்குமேல் என்ன சொல்வதென்று
எந்த முத்திரையிலும் எழுதியிருக்கவில்லை.
பதினொன்றாவது தக்காளிக்குப் பெயிண்ட் போதவில்லை.
ஓரத்தில் விரல் அகலம்
மஞ்சள் தெரிகிறது இப்போதும்.